லேப்டாப்பில் இடம் போதவில்லையா? வெளி டிரைவ் வாங்கும் முன் எழும் கேள்விகள்

கணினி தெரிந்தவன் என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால், பொங்கலுக்கு ஊருக்குப் போனாலும் யாராவது ஒரு லேப்டாப்பைக் கொண்டுவந்து மடியில் வைத்துவிடுகிறார்கள். சில ஆண்டுகளாக அவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "இடம் இல்லை என்று சொல்கிறது." அடுத்து வரும் கேள்விகளும் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதிவைத்துவிட்டேன்.

சி டிரைவ் சிவப்பாகிவிட்டது. உடனே கடைக்குப் போக வேண்டுமா?

ஒரு மணி நேரம் பொறுங்கள். விண்டோஸில் காலியிடம் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே போனால் அந்தப் பட்டை சிவப்பாகும். அவ்வளவுதான், எதுவும் பழுதாகவில்லை. செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஸ்டோரேஜ் என்று போனால் எது எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று தெரியும். பெரிய அப்டேட் முடிந்த கையோடு பார்த்தால் பழைய விண்டோஸ் அப்படியே ஒரு கோப்புறையில் உட்கார்ந்திருக்கும். பத்து நாளில் அது தானாகப் போய்விடும். அவசரமென்றால் 'டெம்பரரி ஃபைல்ஸ்' பகுதியில் நீங்களே அழிக்கலாம். ஆனால் அதன் பிறகு பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது. குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள். அழித்த கோப்பு அங்கே கிடக்கும்வரை இடம் திரும்பி வராது.

சித்தியின் லேப்டாப்பில் டவுன்லோட்ஸ் கோப்புறையைத் திறந்தபோது ஒரே மின்கட்டண ரசீது ஒன்பது பிரதிகளாக இருந்தது. பார்க்க நினைத்தபோதெல்லாம் மறுபடி இறக்கியிருக்கிறார். ரசீது என்ன, சில கே.பி.தான். அதே பழக்கத்தில் ஒரு கல்யாண வீடியோவையும் நான்கு முறை இறக்கியிருந்ததுதான் வினை. மூன்றை நீக்கியதும் 20 ஜி.பி.க்கு மேல் திரும்பியது. அவர் இன்னும் டிரைவ் வாங்கவில்லை.

இதையெல்லாம் செய்தும் மூன்று மாதத்தில் மறுபடி சிவப்பானால், வாங்கத்தான் வேண்டும்.

512 ஜி.பி. என்று சொல்லி விற்றார்கள். 476 தான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. தயாரிப்பாளர் ஒரு ஜி.பி. என்பதை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார். விண்டோஸ் 1,073,741,824 பைட் சேர்ந்தால்தான் ஒரு ஜி.பி. என்கிறது. சரக்கு ஒன்றுதான், அளக்கும் படிதான் வேறு. அதனால் 1 டி.பி. டிரைவ் 931 ஜி.பி. என்றும் 2 டி.பி. டிரைவ் 1.81 டி.பி. என்றும் தெரியும். மேக் கணினிகள் 2009 முதல் தயாரிப்பாளரின் கணக்கிலேயே காட்டுகின்றன. சந்தேகம் தீரவில்லையென்றால் அதே டிரைவை ஒரு மேக்கில் செருகிப் பாருங்கள்.

வெளி டிரைவைச் செருகினால் சி டிரைவ் பெரிதாகுமா?

ஆகாது. பக்கத்துத் தெருவில் கிடங்கு ஒன்றை வாடகைக்கு எடுப்பது போன்றது இது. வீட்டுச் சமையலறை அதனால் அகலமாகிவிடாது. வேண்டாத சாமான்களை அங்கே கொண்டுபோய்ப் போட்டால்தான் இங்கே நடக்க இடம் கிடைக்கும்.

கொண்டுபோக வேண்டியவை: வீடியோக்கள், பழைய படங்கள், முடிந்துபோன வேலைகளின் கோப்புகள். விட்டுவைக்க வேண்டியவை: மென்பொருள்கள். அலுவலக மென்பொருளை வெளி டிரைவில் நிறுவிவிட்டு, அதை வீட்டில் மறந்துவிட்டுப் போனால் அன்றைய வேலை கெட்டது. விளையாட்டுகள் மட்டும் விதிவிலக்கு. ஸ்டீம் போன்ற விளையாட்டுக் கடைச் செயலிகள் வேறு டிரைவில் தனிக் கோப்புறை வைத்துக்கொள்ள இடம் கொடுக்கின்றன. அதற்கும் எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாத, சிப்புகளால் ஆன டிரைவ்) இருந்தால்தான் பொறுமை மிஞ்சும்.

ஹார்டு டிஸ்க்கா, எஸ்.எஸ்.டி.யா, பென் டிரைவா?

கையடக்க ஹார்டு டிஸ்க்கினுள் பளபளப்பான தட்டு ஒன்று, பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று வேகத்தில், சுழன்றுகொண்டிருக்கிறது. அதைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில், படிக்கும் முனை மிதக்கிறது. நொடிக்கு 100 முதல் 130 எம்.பி. வரை எழுதும். ஒரு டி.பி.க்கு ஆகும் விலையில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் ஓடும்போது தட்டினால், விழுந்தால், கதை முடிந்தது. விலை குறைந்த பலவற்றில் இன்னொரு விஷயமும் உண்டு: அதிகத் தகவலை அடைப்பதற்காகத் தடங்களை ஓடு வேய்ந்தது போல ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி எழுதுவார்கள். ஒரு தடத்தைத் திருத்த அருகில் உள்ளவற்றையும் திரும்ப எழுத வேண்டும். முதல் அரை மணி வேகமாக ஓடிய காப்பி பிறகு தவழ்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எஸ்.எஸ்.டி.யில் சுழல்வது எதுவும் கிடையாது. சாட்டா என்ற பழைய இணைப்பு வகையை உள்ளே வைத்தவை நொடிக்கு 500 எம்.பி. அளவிலும், என்.வி.எம்.இ. என்ற புதிய வகையை வைத்தவை 1,000 எம்.பி. அளவிலும் ஓடும். பையில் போட்டு பஸ்ஸில் அலைபவர்களுக்கு இதுதான். ஆனால் தகவலை மின்னூட்டமாகப் பிடித்துவைத்திருக்கும் பொருள் என்பதால், ஆண்டுக்கணக்கில் செருகாமல் பீரோவில் பூட்டிவைப்பதற்கு ஏற்றதல்ல.

பென் டிரைவ் ஒரு கோப்பை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவதற்கு. குடும்பப் படங்களை அதில் 'சேமித்து' வைத்திருப்பதாக யாராவது சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

என்னைக் கேட்டால், அன்றாடம் திறந்து வேலை செய்யும் கோப்புகளுக்கு 500 ஜி.பி. அல்லது 1 டி.பி. எஸ்.எஸ்.டி.; எப்போதாவது பார்ப்பவற்றுக்கு ஹார்டு டிஸ்க். மேசையிலேயே இருக்கப்போகிறது என்றால் மூன்றரை அங்குல ஹார்டு டிஸ்க்கும் நல்லதுதான். அதற்குத் தனி அடாப்டர் வேண்டும், மின்சாரம் போனால் அதுவும் போகும்.

பெட்டியில் 'யூ.எஸ்.பி. 3.2 ஜென் 1' என்று போட்டிருக்கிறது. இது புதியதா, பழையதா?

பழையதுதான், பெயர் புதிது. 2008இல் யூ.எஸ்.பி. 3.0 வந்தது, நொடிக்கு 5 கிகாபிட். அதையே பிறகு 3.1 ஜென் 1 என்றார்கள், அதன் பிறகு 3.2 ஜென் 1 என்றார்கள். 3.2 ஜென் 2 என்பது 10 கிகாபிட். ஜென் 2×2 என்பது 20. 2019இல் அறிவிக்கப்பட்ட யூ.எஸ்.பி.4 40 வரை போகும். பெயர்களை மறந்துவிட்டு 5, 10, 20, 40 என்ற எண்ணை மட்டும் தேடுங்கள். 20 கிகாபிட் டிரைவுக்குக் கூடுதல் பணம் கொடுக்கும் முன் உங்கள் லேப்டாப்பில் 2×2 போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான லேப்டாப்புகளில் இல்லை; இல்லாவிட்டால் அந்த டிரைவ் 10க்கு இறங்கிவிடும்.

டைப்-சி என்பது துளையின் வடிவம் மட்டுமே. வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நண்பர் ஒருவர் புது எஸ்.எஸ்.டி. மாட்டு வண்டி போல ஓடுகிறது, திருப்பிக் கொடுக்கப்போகிறேன் என்றார். போய்ப் பார்த்தேன். பெட்டியில் வந்த கேபிள் ஒரு சாண்தான் இருக்கிறதென்று, கைப்பேசி சார்ஜ் செய்யும் நீளமான டைப்-சி கேபிளைப் போட்டிருந்தார். அத்தகைய கேபிள்களில் பல வெறும் யூ.எஸ்.பி. 2.0, நடைமுறையில் நொடிக்கு 35, 40 எம்.பி.யைத் தாண்டாது. அவருடைய 100 ஜி.பி. கோப்புறைக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் காட்டியது. குட்டைக் கேபிளை மாட்டியதும் மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது. அவர் முகத்தில் நன்றியைவிட எரிச்சல்தான் அதிகம் தெரிந்தது.

ஹார்டு டிஸ்க்கிலும் இதே குழப்பம் உண்டு. பல கையடக்க ஹார்டு டிஸ்க்குகளின் துளை, இரண்டு துண்டை ஒட்டவைத்தது போல அகலமாக இருக்கும். அதன் பெரிய பகுதியில் பழைய கைப்பேசியின் மைக்ரோ யூ.எஸ்.பி. கேபிள் கச்சிதமாகப் பொருந்தும், வேலையும் செய்யும், வேகம் மட்டும் 2.0க்கு இறங்கிவிடும்.

இணையத்தில் 16 டி.பி. எஸ்.எஸ்.டி. சில ஆயிரம் ரூபாய்க்கு வருகிறதே?

வரும். வாங்காதீர்கள். அப்படி ஒன்றை வாங்கிவிட்ட பக்கத்து வீட்டுக்காரர் பணம் திரும்பாது என்று தெரிந்ததும் என்னிடமே கொடுத்துவிட்டார். தட்டை ஸ்க்ரூடிரைவரால் ஓரத்தை நெம்பித் திறந்தேன். உள்ளே கட்டைவிரல் அகலத்தில் ஒரு பலகை. அதன்மேல் ஒரு மைக்ரோ எஸ்.டி. கார்டு, பசையால் ஒட்டியிருந்தது. கையில் எடுத்தால் கனமாகத் தெரியட்டும் என்று ஓர் இரும்புத் துண்டும் இருந்தது. அந்தக் கனத்தைப் பார்த்துத்தான் நல்ல பொருள் என்று நினைத்தேன் என்றார் அவர்.

ஏமாற்று நடக்கும் விதம் இது: கட்டுப்படுத்தும் சிப்பிலேயே பொய்க் கொள்ளளவை எழுதிவிடுகிறார்கள். கணினி அதை நம்பி 16 டி.பி. என்று காட்டுகிறது. நீங்கள் காப்பி செய்யும்போதும் பிழை எதுவும் வராது. உண்மையான 64 ஜி.பி.யோ 128 ஜி.பி.யோ நிரம்பியதும் புதிய கோப்புகள் பழையவற்றின் மேலேயே எழுதப்படும், அல்லது எங்கும் எழுதப்படாமல் போகும். பெயர்கள் வரிசையாக இருக்கும்; திறந்தால் ஒன்றும் இருக்காது. சில மாதம் கழித்துத்தான் தெரியவரும்.

எந்தப் புது டிரைவையும் முதல் நாளே சோதித்துவிடுங்கள். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்ற இலவசக் கருவிகள் டிரைவை முழுவதும் நிரப்பி, எழுதியது எழுதியபடி இருக்கிறதா என்று படித்துப் பார்க்கும். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் செய்ய வேண்டும் என்பதுதான் முக்கியம்.

எந்த ஃபார்மட் போடுவது?

ஃபார்மட் என்பது டிரைவில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறை. விண்டோஸில் மட்டும் பயன்படுத்துவீர்கள் என்றால் என்.டி.எஃப்.எஸ். மேக்கில் மட்டும் என்றால் ஏ.பி.எஃப்.எஸ். இரண்டுக்கும் நடுவில் அலையும் என்றால் எக்ஸ்ஃபேட். மேக் என்.டி.எஃப்.எஸ். டிரைவைப் படிக்கும், ஆனால் தனியாக மென்பொருள் போடாமல் அதில் எழுதாது; "ஆபீஸில் காப்பி ஆகவில்லை" என்ற புலம்பலுக்குப் பாதி நேரம் இதுதான் காரணம். லினக்ஸ் 2019இல் வந்த 5.4 கெர்னலிலிருந்து (கெர்னல் என்பது அதன் மையப் பகுதி) எக்ஸ்ஃபேட்டைத் தானே புரிந்துகொள்கிறது.

ஃபேட்32 பழைய டி.வி.க்கும் கார் ஸ்டீரியோவுக்கும் மட்டும். அதில் ஒரு கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்டக் கூடாது. டிரைவில் 50 ஜி.பி. காலியாக இருந்தாலும் கோப்பு மிகப் பெரிது என்று சொல்லி மறுத்துவிடும். ஐபோனில் 4கே தரத்தில் நொடிக்கு 30 ஃபிரேம் எடுத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 170 எம்.பி. ஆகும். 24 நிமிட ஆண்டுவிழா நடனம் ஒன்றே அந்த எல்லையைத் தொட்டுவிடும்.

ஃபார்மட் மாற்றினால் உள்ளே இருப்பது அழியும். தெரிந்ததுதான் என்று நினைக்காதீர்கள்; "மாற்றிவிட்டு அப்புறம் காப்பி எடுக்கலாம்தானே" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

படங்களையெல்லாம் வெளி டிரைவுக்கு மாற்றிவிட்டேன். இனிப் பத்திரம்தானே?

இல்லை. முன்பு லேப்டாப்பில் ஒரு பிரதி இருந்தது, இப்போது டிரைவில் ஒரு பிரதி இருக்கிறது. எண்ணிக்கை ஒன்றாகவே நிற்கிறது. இருக்கும் இடம்தான் மாறியிருக்கிறது, அதுவும் எளிதில் கீழே விழக்கூடிய இடத்துக்கு.

இது எனக்கு நடந்தது. அப்பாவின் அறுபதாம் கல்யாணம் திருக்கடையூரில் நடந்தது. வீடியோக்காரர் கொடுத்த கோப்புகள் லேப்டாப்பை அடைத்ததால் எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றி, லேப்டாப்பில் இருந்ததை அன்றைக்கே அழித்துவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை டிரைவைச் சாப்பாட்டு மேசையில் வைத்து வீடியோ பார்த்துக்கொண்டிருந்தோம். அக்காவின் பையன் பந்தைத் துரத்திக்கொண்டு மேசைக்கு அடியில் புகுந்தான். கேபிள் காலில் மாட்டியது. மொசைக் தரையில் விழுந்த சத்தம் பெரிதாக இல்லை. மறுபடி செருகியபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது: 'டக்', ஒரு நொடி மௌனம், மறுபடி 'டக்'. முனை தட்டைத் தேடித் தேடித் திரும்பும் சத்தம் அது. அந்த நேரத்தில் செய்யக்கூடிய ஒரே புத்திசாலித்தனம் உடனே கழற்றிவிடுவது. நான் ஏழெட்டு முறை செருகிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் சேதத்தைக் கூட்டியிருப்பேன். மீட்டுத் தருபவர்கள் கேட்ட தொகை லேப்டாப்பின் விலையைவிட அதிகம், அதற்கும் உத்தரவாதம் இல்லை.

கோயம்புத்தூர் மாமா டி.வி.யில் போட்டுப் பார்க்கவென்று பாதியைத் தன் லேப்டாப்பில் காப்பி செய்து வைத்திருந்தார். அதனால் தாலி கட்டியது எங்களிடம் இருக்கிறது. முதல் நாள் மாலை, பாட்டி நலங்குப் பாட்டுப் பாடியது, இல்லை.

புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பிரபலமாக்கிய ஒரு கணக்கு உண்டு: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு ஊரிலோ வேறு கட்டடத்திலோ. மூன்று கைக்கு எட்டாவிட்டால் இரண்டாவது வையுங்கள். 2 டி.பி. டிரைவ் ஒன்று வாங்கப் பணம் ஒதுக்கியிருந்தால் 1 டி.பி. டிரைவ் இரண்டாக வாங்குங்கள். ஒன்று உங்கள் வீட்டில், ஒன்று தங்கை வீட்டில். இடம் பாதியாகத்தான் இருக்கும். அதில் அடங்குமளவு படங்களைக் கழித்துக்கட்டுவது உங்கள் பாடு.

ஒவ்வொரு முறையும் 'எஜெக்ட்' கொடுத்துத்தான் கழற்ற வேண்டுமா?

மேக்கில் கட்டாயம். விண்டோஸ் 10இன் 2018 இறுதிப் பதிப்பிலிருந்து, எழுத வேண்டியதைத் தள்ளிவைக்காமல் உடனே எழுதும் அமைப்புதான் இயல்பாக வருகிறது, ஆகவே எதுவும் காப்பி ஆகாத நேரத்தில் பிடுங்கினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. இருந்தாலும் எக்ஸ்ஃபேட் டிரைவில் அந்த விளையாட்டு வேண்டாம். பாதியில் நின்ற வேலையைப் பிறகு சரிசெய்துகொள்ள உதவும் குறிப்பேடு என்.டி.எஃப்.எஸ்.ஸில் உண்டு, எக்ஸ்ஃபேட்டில் கிடையாது. "பயன்பாட்டில் இருக்கிறது" என்று அடம்பிடித்தால் எங்கேயோ ஒரு வீடியோ பிளேயர் திறந்திருக்கிறது என்று அர்த்தம். கண்டுபிடிக்க முடியாவிட்டால் லேப்டாப்பை அணைத்துவிட்டுக் கழற்றுங்கள்.

டிரைவைச் செருகியதும் வயர்லெஸ் மவுஸ் தடுமாறுகிறது. வைரஸா?

வைரஸ் இல்லை, ரேடியோ. யூ.எஸ்.பி. 3.0 இணைப்பு வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கிளப்பும் என்று இன்டெல் நிறுவனமே 2012இல் ஓர் ஆவணம் வெளியிட்டிருக்கிறது. வயர்லெஸ் மவுஸும் பழைய வைஃபையும் புளூடூத்தும் அந்தப் பகுதியில்தான் பேசுகின்றன. மவுஸின் சிறு ரிசீவரை லேப்டாப்பின் மறுபக்கத் துளைக்கு மாற்றுங்கள், வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். சரியாகிவிடும்.

டிரைவ் தொலைந்துபோனால் யாரும் திறக்காமல் இருக்க வழி உண்டா?

உண்டு. விண்டோஸ் புரோ பதிப்பில் பிட்லாக்கர் என்ற உள்ளமைந்த பூட்டு வசதி கொண்டு பூட்டலாம். பூட்டுவதற்குத்தான் புரோ வேண்டும். கடவுச்சொல் தெரிந்தால் ஹோம் பதிப்பிலும் திறக்கலாம். ஹோம் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு வெராக்ரிப்ட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கடவுச்சொல்லையும் மீட்புக் குறியீட்டையும் மறந்தால் உங்களுக்கும் திறக்காது.

வெளியே மாட்டுவதற்குப் பதில் உள்ளே இருப்பதையே மாற்றினால் என்ன?

முடியுமென்றால் அதுதான் நல்லது. பத்து வருடப் பழைய லேப்டாப் என்றால் உள்ளே இரண்டரை அங்குல ஹார்டு டிஸ்க் இருக்க வாய்ப்பு அதிகம். அதை எடுத்துவிட்டு சாட்டா எஸ்.எஸ்.டி. போட்டால் இடத்தோடு வேகமும் கிடைக்கும். கழற்றிய ஹார்டு டிஸ்க்கை வீசாதீர்கள். சில நூறு ரூபாய்க்குக் கடையில் கிடைக்கும் கேஸில் போட்டால் அதுவே வெளி டிரைவ். அண்மைக்கால லேப்டாப்புகளில் எம்.2 வகைத் துளை இருக்கும். அதிலும் சாட்டா, என்.வி.எம்.இ. என்று இரண்டு உண்டு, நீளமும் மாறும். உங்கள் மாடலின் கையேட்டைப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

மேக்புக்காரர்களுக்கு இந்த வழி அடைப்பு. இன்றைய மேக்புக்குகளில் சேமிப்புச் சிப்புகள் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் படத்தொகுப்பை மொத்தமாக வெளி எஸ்.எஸ்.டி.க்குக் கொண்டுபோகலாம்: டிரைவை ஏ.பி.எஃப்.எஸ்.ஸில் ஃபார்மட் செய்து, தொகுப்பை அங்கே காப்பி செய்துவிட்டு, ஆப்ஷன் விசையை அழுத்தியபடி ஃபோட்டோஸைத் திறந்தால் எந்தத் தொகுப்பு என்று கேட்கும்.

கிளவுடில் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே?

கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜி.பி.; ஒன்டிரைவும் ஐகிளவுடும் ஆளுக்கு 5. அதற்கு மேல் மாதச் சந்தா. மேலே சொன்ன மூன்றாவது பிரதிக்கு நல்ல இடம். 400 ஜி.பி. வீடியோவை ஏற்றி இறக்க உங்கள் வீட்டு இணைப்புக்குத் தெம்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

2012இல் வாங்கிய ஹார்டு டிஸ்க் ஒன்று பீரோவில் கிடக்கிறது. யாருக்காவது கொடுத்துவிடலாமா?

முதலில் செருகி உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். மறந்துபோன படங்கள் கட்டாயம் இருக்கும். அவற்றைக் காப்பி எடுத்த பிறகு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற கருவியால் உடல்நிலையைச் சோதியுங்கள். மஞ்சள் காட்டினால் யாருக்கும் கொடுக்க வேண்டாம். நீலம் என்றால் கொடுக்கலாம், ஆனால் வெறுமனே அழித்துவிட்டுக் கொடுக்காதீர்கள். அழித்த கோப்புகளை மீட்க இலவச மென்பொருள்களே போதும். ஃபார்மட் செய்யும் பெட்டியில் 'குயிக் ஃபார்மட்' என்பதற்கு எதிரே உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். அப்போதுதான் விண்டோஸ் முழுத் தட்டிலும் பூஜ்யத்தை எழுதும். 1 டி.பி.க்கு மூன்று மணி நேரமாவது ஆகும். லேப்டாப் தூங்கிவிடாதபடி அமைத்து, சார்ஜரை மாட்டி, இரவு தொடங்கிவிட்டு நீங்கள் தூங்கப் போங்கள். டிரைவைத் தரையில், சுவரோரமாக வைத்துவிட்டு.